26,000 ரூபாயில் கோலாலம்பூர்: திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் மலேசியாவை யாரும் பெரிய வெளிநாடாக நினைப்பதில்லை. கடையநல்லூரிலோ தென்காசியிலோ ஒரு தெருவில் நின்று ‘பினாங்கு’ என்று சொல்லிப் பாருங்கள், நாலு திண்ணையிலிருந்து பதில் வரும். ஆனால் அவர்கள் எல்லாம் பிழைக்கப் போனவர்கள். கைக்காசைப் போட்டுச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இப்போதுதான் கூடியிருக்கிறார்கள்.

நான் பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிக்கெட் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “அண்ணாச்சி, விசா எங்க எடுக்கணும்? எவ்வளவு கொண்டு போகணும்?” பதில் தெரியாமல் விழித்தேன். பிறகு நானே தனியாக நாலு இரவு, ஐந்து பகல் கோலாலம்பூர் போய் வந்தேன். வீட்டு வாசல் முதல் வீட்டு வாசல் வரை 26,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: காகிதம்

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரா இருக்கிறது. மதுரைக்கு அலைய வேண்டாம். 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். ஏற்கெனவே இருக்கிறவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

விசா? வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் சுற்றுலாவுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்தச் சலுகை 2026 கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் போடும் முன் அன்றைய நிலவரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் என் கடைக்கு வந்த ஒரு பெரியவர் ‘விசா சார்ஜ்’ என்று ஒரு டிராவல்ஸில் 3,500 ரூபாய் கட்டியிருந்தார். ரசீதை வாங்கிப் பார்த்தேன். எதற்கு வாங்கினார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

விசாவுக்குப் பதிலாக ஒரு படிவம் உண்டு: மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை, சுருக்கமாக எம்டாக். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். முழுக்க இலவசம். தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் பணம் கேட்கிற தளங்களும் மேலே வந்து நிற்கும். கார்டு நம்பர் கேட்டால் தப்பான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, நம் ஊரில் பலருக்கும் இது பொருந்தும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘இசிஆர்’ என்று இருக்கும். சில நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்கள் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பட்டியலில் உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சுற்றுலா போகத் தடையில்லை, ஆனால் விமான நிலையத்தில் கேள்வி கூடுதலாக வரும். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் பதிவு இரண்டையும் தாளில் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள். (ஜெராக்ஸ் கடைக்காரன் அப்படித்தான் சொல்வான் என்று நினைக்காதீர்கள். போனில் சார்ஜ் தீர்ந்து கவுண்டர் முன்னால் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.) “டூரிஸ்ட்டா போங்க, அங்க போய் வேலைக்கு மாத்திக்கலாம்” என்று எவனாவது சொன்னால் அந்த ஆளோடு பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

டிக்கெட்டும் ஏழு கிலோவும்

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்திலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. நமக்கு வசதி திருச்சி, இல்லாவிட்டால் திருவனந்தபுரம். இரண்டிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு, பறக்கிற நேரம் ஏறக்குறைய நாலு மணி நேரம். வள்ளியூர், செங்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம் கிட்டே. மற்றவர்கள் இரண்டு விலையையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மே மாத லீவு, தீபாவளி, தைப்பூசம் இந்த மூன்றையும் விட்டுவிட்டு, வாரத்தின் நடுநாளில் போய் நடுநாளில் திரும்பினால் விலை இறங்கும். எனக்குப் போக வர 14,800 ரூபாய் ஆனது.

இந்த விலையில் லக்கேஜ் சேராது. கைப்பை ஏழு கிலோ, அவ்வளவுதான். ஐந்து நாளுக்கு ஏழு கிலோ தாராளம், அல்வா மட்டும் குறுக்கே வராமல் இருந்தால்.

எனக்கு வந்தது. அங்கே இருக்கிற தூரத்துச் சொந்தத்துக்கு ஒன்றரைக் கிலோ அல்வா வாங்கிப் பையில் வைத்திருந்தேன். கவுண்டரில் பையைத் தூக்கி வைத்தால் 8.3 என்று காட்டுகிறது. கூடுதல் எடைக்கு அவர்கள் சொன்ன தொகையில் ஒரு பெட்டி அல்வா வாங்கிவிடலாம். ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தேன். போட்டிருந்த சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை, அதற்கு மேல் ஜெர்கின். சார்ஜரும் பவர் பேங்கும் ஜெர்கின் பாக்கெட்டில். இரண்டாவது ஜோடிச் செருப்பைக் குப்பைத் தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டேன். மறுபடி வைத்தபோது 6.9. வரிசையில் நின்ற ஒரு அம்மா, “அல்வாவை விட்டுக்கொடுக்கலியே தம்பி” என்று சிரித்தார்.

திருச்சிக்குப் போவதற்கு ரயில்தான் சிக்கனம். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் நள்ளிரவு தாண்டித் திருச்சியில் இறக்கிவிடும். விடியும் வரை ஸ்டேஷனிலேயே உட்கார்ந்துவிட்டு, புதுக்கோட்டை ரோட்டில் போகிற பஸ்ஸில் ஏறினால் விமான நிலைய வாசல். ரயில் கிடைக்காதவர்கள் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் மாற வேண்டியதுதான்.

பணம்

கோலாலம்பூர்த் தமிழர்கள் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்பார்கள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன். விலை தினமும் மாறும். நான் போனபோது ஒரு வெள்ளி ஏறக்குறைய 20 ரூபாய், இங்கே அந்தக் கணக்குதான் போட்டிருக்கிறேன். ஊரிலேயே 100 வெள்ளி மட்டும் மாற்றிக்கொண்டு போங்கள், முதல் நாள் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காணும். மிச்சத்தை மஸ்ஜித் இந்தியா தெருவிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ மாற்றலாம். வரிசையாகக் கடைகள், வாசலிலேயே பலகையில் விலை. மூன்று கடை பார்த்துவிட்டு மாற்றுங்கள். விமான நிலையத்தில் மாற்றாதீர்கள். ஏடிஎம் கார்டு கொண்டுபோகிறவர்கள், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் ஊரிலிருந்தே திறந்துவிட்டுக் கிளம்புங்கள். ஓடிபி வரவேண்டிய சிம் அங்கே வேலை செய்யாமல் போகலாம்.

இறங்கியதும்

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிவையுங்கள். குடிநுழைவில் எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும், குடும்பக் கதை வேண்டாம்.

விமான நிலையம் ஊருக்கு வெளியே, சிப்பாங்கில் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். விரைவு ரயில் அரை மணி நேரத்தில் ஊரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் விடும், 55 வெள்ளி. பஸ் ஒரு மணி நேரம், 15 வெள்ளி. அரை மணி நேரத்துக்கு 800 ரூபாய் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, பஸ்தான். குழந்தை குட்டியோடு மூன்று நாலு பேர் என்றால் கிராப் ஆப்பில் கார் போடுவது கணக்குக்கு ஒத்துவரும். வெளியே வந்து “டாக்ஸி? டாக்ஸி?” என்று தமிழிலேயே கூப்பிடுகிறவர்கள் உண்டு. தமிழ் கேட்டதும் மனசு இளகும். அந்த இளக்கத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை.

எங்கே தங்குவது

எல்லோரும் பிரிக்ஃபீல்ட்ஸைத்தான் சொல்வார்கள். ‘லிட்டில் இந்தியா’, கேஎல் சென்ட்ரலுக்குப் பக்கம், தெருப் பேரே துன் சம்பந்தன். நான் வேண்டாம் என்பேன். அங்கே தங்கினால் காலையில் இட்லி, மதியம் இலைச் சாப்பாடு, ராத்திரி தோசை என்று வண்ணாரப்பேட்டையில் இருக்கிற மாதிரியே ஐந்து நாளும் ஓடிவிடும். அங்கே போய்ச் சாப்பிடுங்கள், தங்காதீர்கள்.

நான் தங்கியது பெட்டாலிங் தெரு இருக்கிற சைனா டவுனில். பாசார் செனி ரயில் நிலையத்துக்கு நடந்து ஐந்து நிமிடம். கேஎல் சென்ட்ரலிலிருந்து ஒரே ஸ்டாப். ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறையில் ஒரு படுக்கை 45 வெள்ளி. ஏசி, பூட்டுப் போட ஒரு லாக்கர், பொதுக் குளியலறை. பூட்டை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், அங்கே வாங்கினால் விலை. வெளிநாட்டவர் தங்கினால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி உண்டு. ஆப்பில் காட்டுகிற வாடகையில் இது பெரும்பாலும் சேராது. போய் நின்றதும் கேட்பார்கள், சண்டை போடாதீர்கள். பிளக் பாயின்ட் சதுரக் கம்பி மூன்று உள்ளது. நம் சார்ஜர் நேராக நுழையாது, அடாப்டர் ஒன்று வேண்டும்.

ரயிலில் சுற்றுவது

ஊருக்குள் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் என்று பல வண்டிகள். புறநகருக்குக் கேடிஎம் கொமுட்டர். கிட்டத் தூரம் எல்லாம் பெரும்பாலும் மூன்று வெள்ளிக்குள். எல்ஆர்டி மெஷினில் ஊர்ப் பேரைத் தொட்டுக் காசு போட்டால் கேரம் காய் அளவில் நீலப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று விழும். உள்ளே போகும்போது அதைக் கதவில் காட்டுங்கள், வெளியே வரும்போது துளையில் போடுங்கள். தொலைத்தால் தண்டம். நாலைந்து நாள் இருப்பவர்கள் முன்கூட்டியே காசு ஏற்றி வைக்கிற டச் அண்ட் கோ கார்டு வாங்கிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம்.

மலாய் எழுத்து ஆங்கில எழுத்துதான், அதனால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். ‘கெலுவார்’ வெளியே, ‘மாசுக்’ உள்ளே, ‘தண்டாஸ்’ கழிப்பறை. கடைக்கு ‘கெடாய்’, கப்பலுக்கு ‘காபால்’. இரண்டும் நாம் கொடுத்ததுதான். நன்றி சொல்ல ‘தெரிமா காசே’. தென்காசியை நினைத்துக்கொண்டால் மறக்காது.

இவ்வளவு விவரம் பேசுகிற நான் மாட்டிக்கொண்டது எங்கே தெரியுமா? பத்து மலை முருகன் கோயிலுக்குப் போகிற கொமுட்டரில் ஒரு பெட்டியில் கூட்டமே இல்லை. ஆசையாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஏன் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று புரியவில்லை. எதிரே இருந்த ஒரு சீனப் பாட்டி, கண்ணாடியில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்பு ஸ்டிக்கரை விரலால் தட்டிக் காட்டினார். ‘வனிதா’ என்று எழுதியிருந்தது. பெண்கள் பெட்டி. எங்கள் தெருவிலேயே ஒரு வனிதா அக்கா உண்டு, பேரைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் பக்கத்துப் பெட்டிக்கு ஓடினேன்.

சாப்பாடு

கோலாலம்பூரில் பணத்தை மிச்சம் பிடிக்க ஒரே வழி மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைக்குப் பேரே அப்படித்தான். நம் ‘மாமா’விலிருந்து வந்த சொல். பல கடைகள் ராப்பகல் திறந்திருக்கும். ரொட்டி சானாய் இரண்டு வெள்ளிக்குப் பக்கம், இழுத்து ஆற்றுகிற டீயான தே தாரிக் அதற்குச் சற்று மேல். ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் தம்பி. செங்கோட்டை பார்டர் பரோட்டா சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்குக் கொஞ்சம் மெலிசாகத் தெரியும். சால்னாவுக்குப் பதில் பருப்புக் குழம்பு ஊற்றுவார்கள். ‘ரொட்டி கொசோங்’ என்றால் உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் ரொட்டி. டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கும், கண்டென்ஸ்டு மில்க் வேறு. சுகர் உள்ளவர்கள் ‘குராங் மானிஸ்’ என்று சொல்லிவிடுங்கள், இனிப்பைக் குறைப்பார்கள். பார்சல் வேண்டுமென்றால் ‘புங்குஸ்’.

முதல் நாள் காலை மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில் போய் உட்கார்ந்தேன். டீ ஆற்றுகிறவர் ஒரு குவளையைத் தலைக்கு மேலும் இன்னொன்றை இடுப்புக்குக் கீழும் பிடித்து இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, “பசியாறியாச்சா தம்பி?” என்றார். காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்று சொல்கிற பேச்சு. எனக்குச் சட்டென்று மேலப்பாளையத்து நண்பன் வீடு ஞாபகம் வந்தது.

“இன்னும் இல்ல அண்ணாச்சி.”

‘அண்ணாச்சி’ என்றதும் குவளையைக் கீழே வைத்துவிட்டார். “எந்த ஊரு?”

“பாளையங்கோட்டை.”

“நமக்குக் கடையநல்லூரு. வந்து இருபத்திரண்டு வருசம் ஆச்சு.”

அவர் சொன்ன ஒரு யோசனை ஐந்து நாளும் காசு காத்தது. நாசி கண்டார் கடையில் சோறு வைத்துவிட்டு, ‘என்ன கறி வேணும்’ என்று கேட்பார்கள். கண்ணாடிக்குள் வரிசையாக இருப்பதைப் பார்த்ததும் விரல் தானாக நீளும். கோழி, முட்டை, வெண்டைக்காய் என்றால் பத்துப் பன்னிரண்டு வெள்ளியில் முடியும். பெரிய இறால், மீன் முட்டை, கணவாய் என்று கையைக் காட்டினால் பில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. “விலை கேட்டுட்டு விரல நீட்டுங்க தம்பி, கேக்கறதுல ஒரு வெக்கமும் இல்ல.” கண்டார் என்பது தோளில் போடுகிற காவடிக் கம்பு. பினாங்கில் நம் ஆட்கள் ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்பும் தூக்கி விற்றதில் வந்த பேர்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாசி லெமாக்கில் தேங்காய்ப்பால் சோறுதானே என்று வாங்கிவிடாதீர்கள், சம்பலிலேயே நெத்திலி இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு 12 முதல் 15 வெள்ளி. சோறும் காய்கறியும் கேட்கக் கேட்க வரும். மதியம் அதை ஒரு கட்டு கட்டினால் ராத்திரி ஒரு ரொட்டி போதும். குழாய்த் தண்ணீரை அப்படியே யாரும் குடிப்பதில்லை. ஹாஸ்டல் ஃபில்டரில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

எதைப் பார்ப்பது, எதை விடுவது

பத்து மலைக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர், மூன்று வெள்ளிக்குள், வாசலிலேயே ஸ்டேஷன். ஒரு வண்டியை விட்டால் அரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டிவரும், நேரம் பார்த்துப் போங்கள். தமிழ் வணிகர் தம்புசாமிப் பிள்ளை 1891இல் குகையில் கோயிலை ஏற்படுத்தினார். அடுத்த வருடமே தைப்பூசம் தொடங்கிவிட்டது. வாசலில் நிற்கிற 42.7 மீட்டர் முருகன் 2006இல் வந்தவர். படிகள் 272. தோரணமலையும் பண்பொழி திருமலைக்கோவிலும் ஏறிய காலுக்கு இது பெரிசில்லை, ஆனால் படி செங்குத்து, வெயில் ஏறிவிட்டால் மூச்சு வாங்கும். ஏழரை மணிக்குள் போய்விடுங்கள். பெரிய குகைக்குக் கட்டணம் கிடையாது. முட்டி தெரிகிற உடை என்றால் கீழே துணி வாடகைக்கு எடுத்துச் சுற்றிக்கொள்ளச் சொல்வார்கள். குரங்குகள் பாபநாசத்துக் குரங்குகளுக்கு அண்ணன்மார். பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் போதும், கையில் இருப்பது அவர்களுடையது. என்னிடமிருந்து போனது ஒரு பாக்கெட் முறுக்கு. ஊரிலிருந்து கொண்டுபோனது, அதுதான் வருத்தம்.

இரண்டாவது, நடந்தே ஒரு மாலை. பெட்டாலிங் தெருப் பக்கத்தில் 1873இல் தொடங்கிய மகா மாரியம்மன் கோயில். தைப்பூசத்துக்குப் பத்து மலை போகிற வெள்ளி ரதம் இங்கிருந்துதான் கிளம்பும். கோயிலைப் பார்த்துவிட்டு சென்ட்ரல் மார்க்கெட் வழியாக நடந்தால் ஜாமெக் பள்ளிவாசல், 1909இல் கட்டியது. கிள்ளான், கோம்பாக் என்ற இரண்டு ஆறு சேருகிற முனையில் நிற்கிறது. ‘கோலாலம்பூர்’ என்றால் சேற்றுக் கூடல் என்று பொருள். அந்தக் கூடல் இதுதான். தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை ஆறு என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நேரமாகும். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் போகாதீர்கள். பாலம் தாண்டினால் மெர்டேக்கா சதுக்கம், 1957 ஆகஸ்ட் 31இல் சுதந்திரக் கொடி ஏறிய மைதானம். இவ்வளவுக்கும் சேர்த்துச் செலவு: ஒரு இளநீர்.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தில் மேலே ஏற வெளிநாட்டவருக்கு 100 வெள்ளியை ஒட்டி டிக்கெட். நான் ஏறவில்லை. 452 மீட்டர் கோபுரத்தின் மேல் ஏறினால் அந்தக் கோபுரம்தான் தெரியாது. சாயங்காலம் ஆறரைக்குப் போய்க் கேஎல்சிசி பூங்காவின் குளத்தோரம் உட்காருங்கள். விளக்கு ஏறும், நீரூற்று ஆடும், காசு கிடையாது. எல்ஆர்டி அடியிலேயே வந்து நிற்கும். இரட்டைக் கோபுரத்தைவிட உயரமான மெர்டேக்கா 118 கட்டடம் சைனா டவுனிலேயே தலைக்கு மேல் தெரியும்.

மழை வருடம் முழுக்க உண்டு, பெரும்பாலும் மதியத்துக்கு மேல். குற்றாலச் சாரல் என்று நினைத்து நனைய நிற்காதீர்கள், இடியோடு கொட்டும். அந்த நேரத்துக்குத் தேசிய அருங்காட்சியகத்தை வைத்துக்கொள்ளுங்கள். 5 வெள்ளி, எம்ஆர்டி நிலையம் பக்கத்திலேயே.

கணக்கு

டிக்கெட் 14,800, திருச்சி போக வர 900 ரூபாய். அங்கே படுக்கை 180 வெள்ளி, வரி 40, சாப்பாடு நாளுக்கு 35 வீதம் 175, விமான நிலைய பஸ்ஸும் ஊருக்குள் ரயிலும் 90, சிம் 25. மொத்தம் 510 வெள்ளி, அதாவது 10,200 ரூபாய். அல்வாவை இதில் சேர்க்கவில்லை.

திரும்பும் நாள்

விமான நேரத்துக்கு நாலரை மணி நேரம் முன்னால் கேஎல் சென்ட்ரலில் பஸ் ஏறிவிடுங்கள், சாலை எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. பஸ்ஸுக்கு 15 வெள்ளியைத் தனியாக மடித்து வைத்துவிட்டு மிச்சத்தில் சாமான் வாங்குங்கள். எங்கள் வீட்டில் பெரிய பட்டியல் எல்லாம் இல்லை. ஆச்சி கேட்டது கோடாலித் தைலம். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விட மாட்டார்கள். பெரிய பாட்டிலே 56 மில்லிதான், தைரியமாக வைக்கலாம். இரண்டு வாங்கினேன். தராசில் வைத்தபோது 6.4.